செவலைக்குச் சொன்னது

ஐப்பசி 14, வியாழன்

மழை 38 மில்லி.

தாலுகா ஆபீசில் இரண்டு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில் வீட்டு எண், ஆள் பெயர், சொன்ன நேரம், கையெழுத்து என்று கோடு போட்டிருக்கிறது. இன்னொன்று வெறும் நோட்டு. "மழை அளவை எழுதிட்டு, அன்னன்னைக்கு நடந்ததை ரெண்டு வரி எழுதிவைங்கம்மா" என்றார் ஆர்.ஐ. சார். ரெண்டு வரியில் அடங்குகிற ஊரா இது?

அன்னக்கொடி ஆகிய நான் தேன்கல் பள்ளத்துக்கு மழை அளக்கிறவள். கொல்லையில் மழைமானி நட்டிருக்கிறார்கள். தினம் காலை எட்டரைக்கு அளந்து ஆபீசுக்குப் போனில் சொல்லவேண்டும். அவர்கள் எச்சரிக்கை அனுப்பினால் இருபத்திமூன்று வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லிக் கையெழுத்து வாங்கவேண்டும். சம்பளம் கிடையாது. மழைக்கோட்டு ஒன்று, விசில் ஒன்று, கை மைக் ஒன்று.

என் வீட்டுக்காரர் சடையப்பன் மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உனக்கு எதுக்குடி மைக்கு? நீ அடுப்படியில உப்பு கேட்டாலே எதிர்மலைக்காரன் எடுத்துக் குடுப்பான்" என்றார்.

ஐப்பசி 15, வெள்ளி

22 மில்லி.

போனில் வந்தது: "வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. அடுத்த இரண்டு வாரங்களுக்கு மலைகளிலும் அவற்றை ஒட்டிய பள்ளத்தாக்குகளிலும் ஓரிரு இடங்களில் கனமழை முதல் மிகக் கனமழை பெய்யக்கூடும்." ஓரிரு இடமாம்! நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அந்த ஓரிரு இடம் எங்கள் ஊர்தான். கீழே சமவெளியில் குடை பிடித்துக்கொண்டு பஜ்ஜி தின்பார்கள். இங்கே மலை குடலை உருவும்.

இருபத்திரண்டு வீட்டில் கையெழுத்து வாங்கியாயிற்று. பாக்கி பதினொன்றாம் எண்.

அது என் கொழுந்தன் வீரணன் வீடு. அவன் பெண்டாட்டி வெள்ளைத்தாய் என் கூடப்பிறந்த தங்கச்சி. அம்மா போனபோது அவளுக்கு நாலு வயது, எனக்குப் பதினொன்று. இடுப்பில் தூக்கி வளர்த்தேன். பிரியக் கூடாது என்றுதான் கொழுந்தனுக்கே கட்டிவைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பூண்டு வயலுக்கு ஊற்றுத் தண்ணீர் எடுக்கிற ஓஸ் விஷயத்தில் அண்ணன் தம்பிக்குள் சண்டை. வீரணன் கொடுவாளால் ஓஸை வெட்டப் போனான். இவர் இடது கையால் மறித்தார். ஓஸும் போயிற்று, இரண்டு விரலும் போயிற்று. இவர் பதிலுக்கு மண்வெட்டிக் காம்பால் அவன் தோள்பட்டையை முறித்தார். சேற்றில் விரலைத் தேடி எடுத்தவள் நான். அன்றைக்கே கருப்பு கோயிலில் இரண்டு வீடும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தோம். நெருப்பில்லை, தண்ணீரில்லை, பேச்சில்லை. மீறினால் வீட்டு ஆண்பிள்ளை உயிருக்கு ஆகாது.

பேச்சு அற்றவர்கள் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் எங்கள் ஊரில் ஆட்டிடமோ மாட்டிடமோ நாயிடமோ சொல்வார்கள். கேட்கவேண்டியவர்கள் கேட்டுக்கொள்வார்கள். அவர்கள் வாசலில் செவலை கட்டிக் கிடக்கும். என் மாடு போட்ட கன்று, தங்கச்சிக்கு நான் கொடுத்த சீர். அதனிடம் போய் நின்றேன்.

"ஏ செவலை, ரெண்டு வாரத்துக்கு மழையாம். சாக்கிரதையா இருக்கச் சொல்றாக."

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. பிறகு அவள் குரல், அவர்கள் வீட்டு நாயிடம்: "ஏ மணி, யாரோ என்னமோ கத்துறாக. காதுல வாங்காத."

கையெழுத்துக் கட்டத்தில் 'சொல்லியாச்சு' என்று எழுதினேன். பொய்யில்லையே.

ஐப்பசி 18, திங்கள்

67. காற்று. வேலுத்தாய் வீட்டுத் தகரம் பறந்து வந்து, நின்றுகொண்டிருந்த ஆட்டைக் கழுத்தோடு அறுத்துப் போட்டது. கத்தக்கூட இல்லை. தலை ஒரு பக்கம், கயிறு ஒரு பக்கம். அவள் அழுதுகொண்டே கறிக்குப் பங்கு போட்டாள்.

ஐப்பசி 19, செவ்வாய்

54. இல்லாத விரல் இரண்டும் வலிக்கிறது என்கிறார். இல்லாததற்கு எங்கே தைலம் தேய்ப்பது?

ஐப்பசி 22, வெள்ளி

91.

கேரட் எல்லாம் அழுகிப் போச்சு. அதை விடு.

விறகு பொறுக்க மேலே போனவள் பார்த்தேன். பதினொன்றாம் வீட்டுக்கு நேர் மேலே, மூன்றாவது அடுக்கு வயலில், வரப்பு வாய் பிளந்து கிடக்கிறது. முழங்கை வரை உள்ளே விட்டேன், அடி தட்டவில்லை. பத்துப் பதினைந்து பாகம் நீளம். ஊற்றுத் தண்ணீர் டீ நிறத்தில் வருகிறது. ஆபீசுக்குப் போன் அடித்துச் சொன்னேன். பாதை கீழே அடைத்துக் கிடக்கிறது, வர முடியாது, அந்த வீட்டை உடனே காலி பண்ணச் சொல்லுங்கள் என்றார்கள்.

ஓட்டமாகப் போனேன். செவலை அசை போட்டுக்கொண்டு நின்றது.

"ஏ செவலை! மேல வரப்பு வாயைப் பொளந்து நிக்குது. இன்னைக்கோ நாளைக்கோ இறங்கிரும். இறங்குச்சுன்னா வாரிச் சுருட்டிக்கிட்டுப் போயிரும். எலும்புகூட மிஞ்சாது. கூரையோட புதைஞ்சு போவ!"

என் வாய் அப்படி. நல்லதைச் சொன்னாலும் சண்டைக்கு இழுப்பதுபோல் வரும். கதவு படாரென்று திறந்தது. வீரணன் வெளியே வந்தான், கண்ணெல்லாம் சிவப்பு.

"ஏ மணி, கேட்டியாடா? விரலுக்குப் பதிலா குடும்பத்தையே கேக்குறாக. மண்ணள்ளித் தூத்தாத குறையா வாசல்ல வந்து சாபம் விடுறாக!" என்று நாயிடம் கத்தினான். கத்திக்கொண்டே கல்லை எடுத்து நாயை எறிந்தான். நாய் நின்றது அவனுக்கு இடப்பக்கம். கல் வந்தது எனக்கு.

நெற்றியில் நாலு தையல். நர்ஸம்மா போட்டது.

அவன் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். வயிறு முட்டிக்கொண்டு தெரிந்தது. ஆறு மாதம் இருக்கும். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து. ஊரில் ஒருத்தியும் என்னிடம் சொல்லவில்லை. எனக்கென்ன.

வீட்டுக்காரரிடம் வழுக்கி விழுந்தேன் என்றேன். தையலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூலையில் இருந்த மண்வெட்டியைப் பார்த்தார். நான் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். சாப்பாட்டையும் அங்கேயே வைத்துத் தின்றேன்.

ரிஜிஸ்டரில்: எண் 11, மாலை 4.00, சொல்லியாச்சு.

ஐப்பசி 24, ஞாயிறு

40. பாசிப்பயறு வறுத்தேன். கொஞ்சம் வெல்லம் சேர்த்து இடித்து உருண்டை பிடித்தேன். வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு நல்லது. இங்கே யாரும் அப்படி இல்லை. நானே தின்றேன்.

ஐப்பசி 26, செவ்வாய்

118.

சிவப்பு எச்சரிக்கை. மைக்கைப் பிடித்துக் கத்திக் கத்தித் தொண்டையில் ரத்தம் வந்துவிட்டது. பதினாறு வீட்டார் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டார்கள். ஆறு வீடு நாளைக்கு என்கிறது. எமனிடமும் நாளைக்கு வா என்பார்கள்.

ஓடை இன்று ஒரு பலா மரத்தை வேரோடு பிடுங்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். பாறையில் அடித்து அடித்து, பழத்தைப் பிளப்பதுபோல் மரத்தைப் பிளந்தது.

ஐப்பசி 27, புதன்

8.30: 164. மழைமானிப் புட்டி நிரம்பி வழிந்திருந்தது. பெய்தது இன்னும் அதிகமாகவே இருக்கும்.

9.00: ஆறு வீடும் ஏறியாச்சு.

9.10: எண் 11. சொல்லியாச்சு.

10.20: செவலை வந்தது. அவர்கள் வரவில்லை.

ஐப்பசி 28, வியாழன்

203.

ஐப்பசி 30, சனி

71.

எழுதித்தான் ஆகவேண்டும். பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

புதன்கிழமை ஒன்பது பத்துக்குப் போய்ச் செவலையிடம் சொன்னேன். மழை அடித்த அடியில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. மைக்கை அதன் முகத்துக்கு நேரே வைத்துச் சொன்னேன். மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. "ஏ செவலை, எல்லாரும் ஏறியாச்சு. நீ ஒண்ணுதான் பாக்கி. கிளம்பு." ஜன்னல் மூடியிருந்தது. ஆனால் ஜன்னலுக்குப் பின்னால் ஆள் நின்றது தெரியும்.

வீட்டுக்குத் திரும்பி, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக அரிசியையும் பாத்திரத்தையும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். பத்து இருபதுக்குக் கொல்லையில் மணிச் சத்தம். செவலை நிற்கிறது. பிறந்த கொட்டகையை மறக்குமா? கயிறு அறுந்திருக்கவில்லை, ஒழுங்காக அவிழ்த்துக் கழுத்தில் சுற்றியிருந்தது. கீழே வளைவில், கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் நின்றாள். பக்கத்தில் நாய்.

"ஏ மணி" என்றாள், எனக்குக் கேட்கிற மாதிரி. "மாட்டைக் கிளம்பச் சொன்னாக. மாடு கிளம்பிருச்சு. எங்களை யாரும் ஒண்ணும் சொல்லலையே?"

சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். மழை அவள் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. என்ன திமிர்! நான் பேன் பார்த்து, சீவிவிட்டு, ஊட்டி வளர்த்தது, என்னையே நக்கல் பண்ணுகிறது. ஒரு வார்த்தை வாயில் வந்தது. விழுங்கிவிட்டேன். சத்தியம் இருக்கிறது, அவர் உயிர் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பிக் கொட்டகைக்குள் போய்விட்டேன். எட்டிப் பார்த்தபோது அவள் இல்லை.

பிறகு பால் கறந்தேன். ஆமாம், பால் கறந்தேன். மாட்டைத் துடைத்தேன், புல் போட்டேன், பாலை வடிகட்டினேன், செம்பைக் கழுவினேன். கழுவின செம்பை மறுபடி கழுவினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

பதினொன்றரைக்கு மேல் ஓடைச் சத்தம் நின்றது.

மலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். கத்துகிற ஓடையை நம்பலாம். மழையில் வாயை மூடுகிற ஓடையை நம்பக்கூடாது. மேலே எங்கேயோ மண் இறங்கித் தண்ணீரைக் கட்டிவிட்டது என்று அர்த்தம். நான் செம்பைப் போட்டுவிட்டு அருவாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது.

கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. வெட்டினேன். மூன்றாவது வெட்டில் பலகை பிளந்தது. "வெள்ளை! வாடி வெளிய!" என்று கத்தினேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் பெயர். அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"யாருகிட்ட பேசுறீக?" என்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டு.

"உங்கிட்டதான்டி பேசுறேன், சனியனே! மலை இறங்குதுடி!"

முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். அவள் என் மணிக்கட்டைக் கடித்தாள். பல் எலும்பு வரைக்கும் இறங்கியது, விடவில்லை நான். பின்னாலிருந்து வீரணன் விறகுக் கட்டையால் முதுகில் அடித்தான். அருவாளோடு கதவை உடைத்து வந்தவள் பெண்டாட்டியின் முடியைப் பிடித்திருந்தால் யார்தான் அடிக்கமாட்டான்? இரண்டாவது அடி தோளில். மூன்றாவது அடியில் காது அடைத்துப்போனது. அப்படியே தரதரவென்று வாசல் வரைக்கும் இழுத்துவிட்டேன். சேற்றில் அவளைப் பக்கவாட்டில் போட்டுத்தான் இழுத்தேன், வயிறு படாமல். அந்த அளவுக்கு நிதானம் இருந்தது.

அப்போது அவர் வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து என்னைத் தேடி வந்திருக்கிறார். கையில் மண்வெட்டி. அவர் கண்டது என் ரத்தத்தையும் தம்பி கையில் இருந்த கட்டையையும்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருவரும் சேற்றில் கட்டிப் புரண்டார்கள். பன்றிகள் மாதிரி உறுமினார்கள். வீரணன் மூக்கு உடைந்து தாடியெல்லாம் சிவந்தது. இவர் எழுந்து மண்வெட்டியைத் திருப்பிக் காம்பால் ஓங்கினார். முழங்காலில் ஒரு சத்தம். அதன்பின் வீரணன் எழுந்து நிற்கவில்லை.

வழுக்கி விழுந்தான் என்று போலீசில் சொல்லியிருக்கிறோம்.

"வருது!" என்று நான் கத்தினேன். முதலில் காற்று வந்தது, மண் வாசத்தோடு. பிறகு பூண்டு வயல் முழுசாக, வரப்போடு, கல்லோடு, நின்றபடியே நடந்து வந்தது. அவர் என்னையும் அவளையும் கொய்யா மரத்துப் பக்கமாகத் தள்ளினார். திரும்பிப் பார்த்தார். தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். "அண்ணே!" என்றான்.

அவர் வலது கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு இடது கையை நீட்டினார். வீரணன் பிடித்தான். நான் பார்த்தேன், நன்றாகத்தான் பிடித்தான். இடுப்பு வரை சேறு வந்து அவனை இழுத்தது. இவர் கத்தினார், "விடாதடா! விடாதடா டேய்!" கை கொஞ்சம் கொஞ்சமாக உருவியது. மூன்று விரலில் எவ்வளவு நேரம் நிற்கும்? அவனுடைய முகம் தெரிந்தது, வாய் தெரிந்தது. வாயில் மண் போயிற்று. பிறகு வீடு வந்து அவன் மேல் விழுந்தது.

இவர் வராந்தா ஓரத்திலேயே இருக்கிறார். இடது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். நேற்று ஒருமுறை சொன்னார்: "அந்த ரெண்டும் இருந்திருந்தா பிடி நின்னிருக்கும்."

கார்த்திகை 2, திங்கள்

மழை 6.

ஆளை எடுத்துவிட்டார்கள். ஓடை ஆற்றில் சேருகிற இடத்தில், அரை மைல் கீழே. முகத்தை மூடித்தான் கொண்டு வந்தார்கள். இவர்தான் கொள்ளி வைத்தார்.

ஆர்.ஐ. சார் வந்தார். ரிஜிஸ்டரைப் புரட்டினார். "இருபத்திரண்டு வீட்டுல ஒரு உயிர்ச்சேதம் இல்ல. பெரிய வேலைம்மா செஞ்சிருக்கீங்க" என்றார். பதினொன்றில் விரலை வைத்தார். "இதுவும் ஒன்பது பத்துக்கே சொல்லியிருக்கீங்க. கேக்காதவங்களுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

"அது மாட்டுக்குச் சொன்னது சார்" என்றேன்.

"என்னது?"

"செவலைக்கு. ஆளுக்குச் சொன்னது பதினொன்னே முக்காலுக்கு."

அவர் என் நெற்றியையும் மணிக்கட்டையும் பார்த்தார். அடிபட்டதில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். நான் நோட்டை வாங்கி 9.10-ஐ அடித்துவிட்டு 11.45 என்று எழுதினேன். "சரியா இருந்ததை ஏம்மா கெடுக்குறீங்க?" என்றார். ஆபீசுக்குக் கொடுக்க வேறு தாளில் ஒன்பது பத்து என்றே எழுதிக்கொண்டு போனார்.

கார்த்திகை 4, புதன்

மழை இல்லை. எதிர்மலை கழுவிவைத்ததுபோல் நிற்கிறது. பார்க்கவே பிடிக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டோம். வெள்ளைத்தாய் எங்கள் வீட்டுக்குள் வரமாட்டேன் என்கிறாள். கொட்டகையில் செவலைக்குப் பக்கத்தில் கோணி விரித்து உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று நர்ஸம்மா சொல்லிவிட்டாள். கஞ்சியைக் கையில் கொடுத்தால் வாங்கமாட்டாள், மாட்டுத் தொட்டி மேல் வைத்துவிட்டு வந்தால் குடிக்கிறாள். என் சத்தியம் உடைந்துவிட்டது, அவளுடையது உடையவில்லை.

இன்று காலை மழைமானியைப் பார்த்துவிட்டு, பால் கறக்கச் செம்போடு உள்ளே போனேன். அவள் செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"ஏ செவலை, உன்னை அவுத்து விட்டப்ப அவரு சட்டையை மாட்டிக்கிட்டு, துணிமூட்டையை மடியில வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தாரு. 'மதினி என்னையப் பாத்து வான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், மாட்டுக்குச் சொன்னதுக்கு நான் எப்படிப் போக'ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் உன்னை அனுப்புனோம். அதுக்குத்தான் நான் அந்த மழையில நின்னேன்."

செவலை காலை மாற்றி வைத்தது. என் கை மடியிலேயே நின்றுவிட்டது.

"நின்னு பாத்துட்டுப் போயி, வரலைங்க, பால் கறக்கப் போயிட்டாகன்னேன். அதுக்கப்புறம்தான் சட்டையைக் கழட்டுனாரு, தாப்பாளையும் போட்டாரு. ஏ செவலை, நீயே கேட்டுச் சொல்லு. அப்பவே வந்து கூப்பிட்டிருந்தா அவரு இருந்திருப்பாரா மாட்டாரா?"

சொல்லிவிட்டு மாட்டின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது.

மாட்டிடம் சொல்வது சுலபம். வாய் பழகியிருக்கிறது. நான் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், அவள் முகம் தெரிகிற இடத்தில் குந்தினேன்.

"இருந்திருப்பாருடி வெள்ளை" என்றேன்.